மடங்கும் எஃகு – 9: சட்டமும் அலகும்

சென்ற இதழில் ஷெஃபீல்டின் ஆற்றோரச் சாணைப் பட்டறைகளில் நிறுத்தியிருந்தோம். அங்கே அடித்து, தீட்டி, பொருத்தி முடித்த மடக்குக்கத்தி ஊரைவிட்டுப் புறப்படுவதற்கு முன்பே அதன் படம் புறப்பட்டுவிடும். 1816இல் ஜோசப் ஸ்மித் என்பவர் ஷெஃபீல்டில் செய்யப்படும் பொருள்களுக்கெல்லாம் திறவுகோல் என்று சொல்லி ஒரு படப்புத்தகம் வெளியிட்டார். ரம்பம், அரம், கத்தரிக்கோல், சவரக்கத்தி, பேனாக்கத்தி என்று செதுக்குப் படங்கள் பக்கம் பக்கமாக அணிவகுக்கும். இத்தகைய புத்தகங்கள்தான் கடல் கடந்த வியாபாரத்துக்குக் கண். தூரதேசத்து வியாபாரி படத்தைக் காட்டி இத்தனை டஜன் என்று எழுதி அனுப்புவார். இங்கே பட்டறைக்காரர் மறுகேள்வி கேட்காமல் அதே கத்தியைச் செய்து அனுப்புவார்.

டஜன் என்றால் 12தானே என்று நினைத்துவிட வேண்டாம். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜொனாதன் வாட்கின்சன் என்ற முதலாளி, டஜனுக்கு 13 கத்தி கொடுக்கவேண்டும் என்று தொழிலாளரைக் கேட்டார். ஜோசப் மேதர் என்ற அரம் வெட்டும் தொழிலாளி அவரைச் சபித்து ஒரு பாட்டே கட்டிவிட்டார். வாட்கின்சன் செய்த நல்ல காரியம் ஏதேனும் இருந்திருக்கலாம். ஊர் நினைவில் நின்றது அந்தப் பதின்மூன்றாவது கத்தி.

மறுகேள்வி இல்லாமல் ஒரு கத்தியைச் செய்ய முடிகிறது என்றால் அந்தக் கத்தியைப் பற்றி எதெது முன்கூட்டியே தீர்மானமாகியிருக்க வேண்டும்? இதற்கு விடை தெரிந்தால் பாரம்பரிய மடக்குக்கத்தியின் 'பேட்டர்ன்' என்றால் என்ன என்பதும் தெரிந்துவிடும். வெளிநாட்டு வியாபாரிக்கு மட்டுமல்ல, உள்ளூரிலேயே அது தேவைப்பட்டது. ஷெஃபீல்டில் ஒரு கத்தி ஒரே கையில் உருவானதில்லை. உலையில் அலகை அடிப்பவர் ஒருவர், சாணை பிடிப்பவர் வேறொருவர், ஸ்பிரிங்கையும் பிடியையும் கூட்டிப் பொருத்துபவர் இன்னொருவர். மூவரும் மூன்று தெருவில் இருக்கலாம். 'லிட்டில் மெஸ்டர்' எனப்பட்ட சிறு பட்டறைக்காரர்கள் வாடகை இடத்தில் சொந்தக் கருவியோடு தனித்தனியே வேலை செய்தார்கள். கூலி டஜன் கணக்கில். அலகின் அடிக்கட்டை ஒரு மயிரிழை மாறினாலும் மூன்றாமவர் கையில் அது மடங்காது. எனவே பேட்டர்ன் என்பது அழகுணர்ச்சியில் பிறந்த விஷயம் அல்ல. பிரிந்து கிடந்த மூன்று கைகளுக்கு இடையே இருந்த உடன்படிக்கை அது.

உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். பிடியின் முதுகில் ஒரு எஃகு ஸ்பிரிங். அலகின் அடிக்கட்டை அந்த ஸ்பிரிங்கின் நுனியை அழுத்தியபடி ஆணியில் சுழல்கிறது. அடிக்கட்டையின் தட்டையான பக்கம் ஸ்பிரிங்கின் மேல் வந்து உட்காரும்போது 'டக்' என்ற சத்தத்தோடு அலகு நிற்கும். பூட்டு எதுவும் கிடையாது, அழுத்தம் மட்டும்தான். முதுகுப் பக்கமாகப் பலமாக அமுக்கினால் விரலின் மேலேயே மடங்கிவிடும். மூடும்போது கூர் ஸ்பிரிங்கில் இடித்து மழுங்காமலிருக்க அடிக்கட்டையில் ஒரு சிறு மேடு விட்டிருப்பார்கள். திறப்பதற்கு அலகில் ஒரு நகக்குழி. 17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஷெஃபீல்டில் பரவிய இந்த ஏற்பாடுதான் இன்றுவரை நாம் பாரம்பரிய மடக்குக்கத்தி என்று சொல்லும் பெரும் கூட்டத்தின் உயிர்நாடி. அதற்கு முன்பிருந்த மலிவான கத்திகளில் ஸ்பிரிங்கே இல்லை. ஆணியின் இறுக்கத்தில் அலகு நின்றது.

ஸ்பிரிங் வந்ததும் கத்திகள் இரண்டு குலமாகப் பிரிந்தன. எல்லா அலகும் ஒரே முனையிலிருந்து திறந்தால் அது ஜாக். இரு முனையிலிருந்தும் திறந்தால் அது பேனாக்கத்திக் குலம். இறகுப் பேனாவின் நுனியைச் சீவப் பிறந்தது, மெலிந்தது, எழுத்தர்களின் சட்டைப்பைக்குரியது. ஜாக் தடித்தது, உழைப்பாளியின் கைக்கானது. ஒரு முனை முழுவதும் வெறும் பிடியாக இருப்பதால் உள்ளங்கையில் நன்றாக அமரும். சேகரிப்பாளர்கள் இன்றும் ஒரு புதிய கத்தியைக் கையில் எடுத்ததும் முதலில் பார்ப்பது இதைத்தான். தயாரித்தவர் பெயரை அப்புறம்தான் பார்ப்பார்கள்.

ஜாக் குலத்தில் எல்லாரும் அறிந்த பிள்ளை பார்லோ. ஷெஃபீல்டில் பார்லோ என்ற குடும்பப் பெயருடைய கத்திக்காரர்கள் இருந்தார்கள். பிடியின் தலையில் உள்ள இரும்புப் பூணில் தங்கள் பெயரைப் பொறித்தார்கள். அந்தப் பூண்தான் கத்தியின் அடையாளம். சாதாரணமாகப் பூண் ஆணியை மூடும் அளவுக்கு இருக்கும். பார்லோவில் அது நீண்டு, பிடியின் மூன்றில் ஒரு பங்கை விழுங்கிவிடும். அதிகம் ஆட்டம் காண்பது அலகு சுழலும் அந்த இடம்தான், அதற்குத் தகுந்த கவசம் அது. மிச்சத்தில் மெருகு ஏற்றாத மாட்டெலும்பு. பிடி கண்ணீர்த்துளி போல ஒரு புறம் குறுகி மறுபுறம் பருத்திருக்கும். ஒரு அலகு, மிஞ்சினால் இரண்டு, ஒரே முனையில். மலிவுச் சரக்கு. மற்ற பட்டறைகளும் அதைச் செய்யத் தொடங்கியபோது பார்லோ ஆட்களின் பெயர் மெல்ல ஒரு வடிவத்தின் பெயராக மாறிவிட்டது. 1624இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்த ஹாலம்ஷயர் கத்திக்காரர் சங்கம் ஒவ்வொருவரின் முத்திரையையும் பதிவுசெய்து காத்தது. முத்திரைக்குக் காவல் உண்டு, வடிவத்துக்கு இல்லை.

இதன் விளைவை மார்க் ட்வைன் 1876இல் வெளியிட்ட டாம் சாயர் நாவலில் காணலாம். ஞாயிற்றுப் பள்ளிக்காக விவிலிய வசனங்களை ஒருவழியாக மனப்பாடம் செய்த டாமுக்கு மேரி ஒரு புத்தம்புது பார்லோ தருகிறாள். விலை 12½ சென்ட். அந்தக் கத்தி எதையும் வெட்டாது. ஆனாலும் பையன் பூரித்துப்போகிறான், ஏனென்றால் அது அசல் பார்லோ. இப்படிப்பட்ட கத்திக்குப் போலி செய்து அதை இன்னும் மோசமாக்க முடியும் என்று அந்த வட்டாரத்துப் பையன்கள் எப்படித்தான் நம்பினார்களோ என்று ட்வைன் அங்கேயே கிண்டலும் செய்கிறார். ஒரு வடிவம் தன் கூரைவிடப் பெரிய மதிப்பைப் பெற்றுவிட்டதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை. அதே 1870களில் மாசசூசெட்ஸின் ஜான் ரஸ்ஸல் நிறுவனம் அம்பு பாய்ந்த R முத்திரையைப் பூணில் பொறித்துத் தன் பார்லோவை விற்கத் தொடங்கியது. ஓர் அலகு 15 சென்ட், ரெண்டு அலகு 25 சென்ட். செய்தவன் ரஸ்ஸல், ஆனாலும் பையன்கள் கேட்டது பார்லோ.

அமெரிக்காவுக்கு வந்துவிட்டோம். 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஷெஃபீல்டின் முதல் சந்தை அதுதான். ஜார்ஜ் வோஸ்டன்ஹோம் என்ற முதலாளி அட்லாண்டிக்கை எத்தனையோ முறை கடந்து, அமெரிக்கக் கை எதைக் கேட்கிறது என்று பார்த்து வந்து செய்தார். தன் தொழிற்சாலைக்கு வைத்த பெயரே வாஷிங்டன் ஒர்க்ஸ். அவருடைய IXL முத்திரை அங்கே வீடுதோறும் தெரிந்த எழுத்து. முதுகு உள்வளைந்து வயிறு புடைத்த, நாலு அலகுள்ள காங்கிரஸ் கத்தி அமெரிக்கத் தென்பகுதிக்காக ஷெஃபீல்டு செய்து அனுப்பிய சரக்கு. வாங்கும் ஊர் ஒன்று, வடித்த ஊர் இன்னொன்று என்பது இந்தத் தொழிலில் சகஜம்.

சரக்கைப் பின்தொடர்ந்து ஆளும் போனார்கள். நியூயார்க் மாநிலத்தின் வால்டன் என்ற சிற்றூரில் 1856இலிருந்து இயங்கிய நியூயார்க் நைஃப் கம்பெனியின் முதல் கைகள் ஷெஃபீல்டிலிருந்து வந்தவை. பிறகு 1890இல் மெக்கின்லி சுங்கவரி. இறக்குமதிக் கத்தியின் விலை ஏறியது, உள்ளூர்த் தொழிற்சாலைகள் பெருகின. அந்தச் சட்டம் பொருளின் மேல் பிறந்த நாட்டின் பெயரைப் பொறிக்கவும் கட்டாயப்படுத்தியது. பழைய கத்தி வாங்குபவர்கள் இன்றும் அடிக்கட்டையில் 'இங்கிலாந்து' என்ற சொல் இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்த்து, கத்தி 1890க்கு முந்தியதா பிந்தியதா என்று கணிப்பது இதனால்தான்.

இந்தக் காலத்தில் உருவானதுதான் ஸ்டாக்மேன். என் கணிப்பில் மடக்குக்கத்தி வரலாற்றின் மிகப் புத்திசாலித்தனமான வடிவமும் இதுவே. உள்நாட்டுப் போர் முடிந்தபின் டெக்சாஸிலிருந்து மாட்டு மந்தைகளை வடக்கே ரயிலடிகளுக்கு ஓட்டிப்போனார்கள். 1867இல் கான்சாஸின் அபிலீன் அப்படி ஒரு சந்தையானது. மாடு வளர்ப்பு பெரும் வியாபாரமாக ஆன அந்த நிலத்தில் பட்டியில் இறங்கி வேலை செய்பவனுக்கு ஒரே கத்தியில் மூன்று வேலை ஆகவேண்டியிருந்தது. நீளமான கிளிப் அலகு: முதுகு நுனியருகே உள்வாங்கிச் சீவப்பட்டு, முனை ஊசியாக இருக்கும், கயிறு, சாக்கு, சோறு எல்லாவற்றுக்கும். ஆட்டுக்கால் அலகு: கூர் நேர்கோடு, முதுகு கடைசியில் கவிழ்ந்து கூரைத் தொடும், முனை என்று ஒன்று இல்லாததால் குளம்பைச் சீவும்போது தசையில் ஏறாது. மூன்றாவது ஸ்பே: மழுங்கிய முனையும் கடைசியில் மேலே வளையும் குட்டையான கூரும் கொண்டது. இது கன்றுகளுக்குக் காயடிக்க. திமிறும் கன்றை ஒருவன் அமுக்கிப் பிடித்திருக்க, மற்றவன் கையிலுள்ள அலகு எங்கும் குத்திவிடக் கூடாது. அந்த ஒரு பயம்தான் அலகின் முனையை மழுக்கியது.

மூன்றையும் தாங்கும் பிடி, பாம்புபோல மெல்ல நெளிந்தது. அந்த நெளிவினால் கட்டைவிரலும் சுண்டுவிரலும் தாமாகவே இடம் கண்டுகொள்ளும். கிளிப் ஒரு முனையில், ஆட்டுக்காலும் ஸ்பேயும் மறுமுனையில். பையில் போட்டால் மெலிவு. இதற்கு முன் இதே வேலைக்கு இருந்தது இரு முனையும் ஒரே அளவான நேர்ப்பிடிக் 'கேட்டில்' கத்தி. அதிலும் மூன்று அலகு வைப்பதுண்டு. ஆனால் அதை யாரும் ஸ்டாக்மேன் என்று சொல்லமாட்டார்கள். சட்டம், அதாவது பிடியின் உருவம், வேறு.

அப்படியானால் சட்டம் தான் பேட்டர்னா? அதுவும் இல்லை. ஸ்டாக்மேனின் நெளிந்த சட்டத்தை அப்படியே எடுத்து, முனைக்கு ஒன்றாக இரண்டு மெல்லிய கிளிப் அலகுகளைப் பொருத்தினால் அது மஸ்க்ராட் ஆகிவிடும். சதுப்பு நிலங்களில் மஸ்க்ராட் என்ற எலியினத்தைப் பிடித்துத் தோல் உரிப்பவர்களின் கத்தி. இரண்டும் ஒரே அலகு ஏன்? ஒன்று மழுங்கினால் தீட்ட நேரமில்லாமல் மற்றதை எடுக்கலாம் என்று சொல்வார்கள். மஸ்க்ராட்டின் பக்கத்து வீடு ட்ராப்பர். அதுவும் தோல் உரிப்பவர் கத்தி, அதிலும் ரெண்டு அலகுதான். ஆனால் இரண்டும் ஒரே முனையிலிருந்து திறக்கும், ஒன்று கிளிப், மற்றொன்று நீண்ட ஸ்பே. முதல் கீறலுக்குக் கிளிப். பிறகு தோலைச் சதையிலிருந்து பிரிக்கும்போது குத்தாத ஸ்பே. தோலில் ஒரு ஓட்டை விழுந்தால் விலை போச்சு. காயடிக்கப் பிறந்த அலகு நீண்டு வேறு வேலைக்குப் போன கதை இது. சட்டம், அலகுகளின் வகை, அவை திறக்கும் முனை, இந்த மூன்றில் ஒன்று மாறினாலும் பெயர் மாறிவிடுகிறது.

சில கத்திகளில் அடையாளம் வெளியே தெரியாது. விட்லர் என்ற மரம் செதுக்குபவர் கத்தியில் மூன்று அலகு; ஸ்பிரிங் இரண்டே. ஒரு முனையில் உள்ள பெரிய அலகு இரண்டு ஸ்பிரிங்கின் மேலும் ஒருசேர உட்காரும். மறுமுனையில் உள்ள சிறு அலகுகள் ஆளுக்கொரு ஸ்பிரிங். மரத்தை அழுத்திச் சீவும்போது பெரிய அலகு அசையாமல் நிற்பது அந்த இரட்டைத் தாங்கலால். ஸ்டாக்மேனுக்கும் விட்லருக்கும் படத்தில் பார்க்கிறவன் குழம்பலாம். முதுகைத் திருப்பிப் பார்த்தவன் குழம்பமாட்டான்.

பிடிக்கு என்ன போர்த்தியிருக்கிறது என்பது கணக்கில் வராது. கண்டாங்கிச் சேலையை எந்த நிறத்தில் நெய்தாலும் கட்டத்தையும் கரையையும் வைத்துக் கண்டாங்கி என்றே சொல்வதைப் போல. ஆனாலும் அந்தப் போர்வைக்கு ஒரு கதை உண்டு, அதில் நம் காடும் வருகிறது. ஷெஃபீல்டு உயர்ந்த கத்திகளுக்கு விரும்பிப் பயன்படுத்திய மான்கொம்பு இந்தியாவிலிருந்து கப்பலேறிய கடமான் கொம்பு. தெற்கே மிளா என்பார்களே, அதுதான். மற்ற மான்களின் கொம்பு உள்ளே பஞ்சுபோல இருக்கும்போது மிளாவின் கொம்பு கெட்டி. சொரசொரப்பான அதன் புறத்தோல் ஈரக்கையிலும் வழுக்காது. விலை அதிகம் என்பதால் மாட்டின் காலெலும்பை எடுத்து, அதில் வரிவரியாகக் குடைந்து, சாயம் ஏற்றி, மான்கொம்பு மாதிரி ஆக்கினார்கள். அமெரிக்காவில் இதற்கென்றே இயந்திரம் ஓடியது. ஒவ்வொரு தொழிற்சாலையின் குடைவும் ஒவ்வொரு விதம். பழகிய கண் குடைவைப் பார்த்தே தொழிற்சாலையைச் சொல்லிவிடும். பின்னர் பிளாஸ்டிக் வந்தது. அதில் மாட்டெலும்பின் குடைவைப் பிரதியெடுத்தார்கள். மிளாவின் நகலின் நகல். கொம்பு ஏற்றுமதியை இந்தியா தடைசெய்த பிறகு அசல் மிளாக் கொம்புப் பிடி அரிதாகி, பழைய கையிருப்புக்கு விலை ஏறிவிட்டது.

போர்வை கணக்கில் வராது என்பதை ஒரு நிறுவனம் எண்ணாகவே எழுதிக் காட்டியது. பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டில் உள்ள கேஸ் நிறுவனத்தின் கத்திகளில் அடிக்கட்டையில் ஒரு எண் பொறித்திருக்கும். 6254 என்றால்: 6 குடைந்த எலும்பு, 2 அலகுகளின் எண்ணிக்கை, 54 சட்டம். இதுவே ட்ராப்பர். எலும்புக்குப் பதில் மான்கொம்பு போட்டால் 5254, மஞ்சள் பிளாஸ்டிக் என்றால் 3254. முதல் இலக்கம் ஆயிரம் வேஷம் போடட்டும், கடைசி இரண்டு மாறாது. 6318 அதே கணக்கில் மூன்று அலகு ஸ்டாக்மேன். கத்திக்குள்ளேயே இலக்கணம் எழுதி வைத்த மாதிரி இருக்கிறதே என்று வியந்து கொண்டிருக்கும்போது, அதே நிறுவனம் மஸ்க்ராட்டின் மேல் எண்ணைப் பொறிக்காமல் 'மஸ்க்ராட்' என்று எழுத்தாகவே பொறித்து நம் வியப்பைக் குலைக்கும். தொழிற்சாலைகள் இலக்கணப் புலவர்களுக்காக நடத்தப்படுவதில்லை.

எது பேட்டர்ன் இல்லை என்பதையும் பார்க்கவேண்டும். ஷெஃபீல்டின் ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனம் 1822இல் அரச அங்கீகாரம் பெற்ற களிப்பில் 1822 அலகுகள் கொண்ட ஒரு கத்தியைச் செய்தது. 1851 லண்டன் மாபெரும் கண்காட்சிக்கு 75 அலகுகளுடன் நார்ஃபோக் கத்தியைச் செய்தது. கைவேலையின் சிகரம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் இன்னொருவன் படத்தைக் காட்டி இதில் பத்து டஜன் என்று கேட்கவே மாட்டான்.

சுவிஸ் சிப்பாய்க் கத்தியின் சிக்கல் வேறு. 1890இல் வகுத்த மாதிரியின்படி 1891இல் சிப்பாய்களுக்குக் கிடைத்த அந்தக் கத்தியில் ஓர் அலகு, ஓர் ஊசித் துளைப்பான், டப்பா திறப்பான், துப்பாக்கியைக் கழற்ற ஒரு திருப்புளி. முதல் சரக்கு வந்தது ஜெர்மனியின் ஸோலிங்கனிலிருந்து. பிறகுதான் கார்ல் எல்ஸனரின் பட்டறை அந்த வேலையைப் பிடித்தது. கத்தி நல்ல கத்தி. ஆனால் இன்னின்ன இருக்கவேண்டும் என்று அரசு எழுதிக்கொடுத்துச் செய்தது. ஸ்டாக்மேனுக்கு அப்படி எழுதிக்கொடுத்தவர் எவருமில்லை. பல பட்டறைகள், பல பட்டிகள், சில பத்தாண்டுகள் சேர்ந்து அதை வடித்தன. நான் பாரம்பரியம் என்று மதிப்பது இந்த இரண்டாவது வழியை. சுவிஸ் கத்தியின் அன்பர்கள் இதற்குச் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

கடைசி வழக்கு பூட்டு. 1964இல் பக் நிறுவனம் 110 என்ற எண்ணுள்ள பூட்டுக்கத்தியைக் கொண்டுவந்தது. முதுகில் அமுக்கினாலொழிய மடங்காது. 1981இல் ஸ்பைடர்கோ அலகில் ஒரு துளையிட்டு ஒரே கையால் திறக்கவைத்தது. பையில் போட்டுத் துழாவவேண்டாம் என்று ஓரத்தில் ஒரு கிளிப்பும் மாட்டியது. இந்த இரண்டையும் ஒட்டித்தான் பலர் பழைமைக்கும் புதுமைக்கும் இடையே கோடு கிழிக்கிறார்கள்: பூட்டு இருந்தால் பாரம்பரியம் இல்லை என்று. கோடு அவ்வளவு நேராக இல்லை. பிரான்சின் ஸவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் 1890இல் வடித்த மரப்பிடிக் கத்தியில் 1955 முதல் ஒரு சுழல் வளையம் அலகைப் பூட்டுகிறது. அதைப் பாரம்பரியம் இல்லை என்று ஒதுக்க எவருக்கும் மனம் வந்ததில்லை. ஒரு கையால் திறப்பதை வேண்டுமானால் கோடாக வைத்துக்கொள்ளலாம். நகக்குழியில் நகத்தை நுழைத்து இரு கையால் நிதானமாகத் திறப்பது பழைய சட்டங்கள் அத்தனைக்கும் பொது.

பிரிட்டனில் இந்த வாதத்தை நீதிமன்றம் வரை கொண்டுபோய்விட்டார்கள். 1988ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டம், தக்க காரணமின்றிக் கூரான பொருளோடு பொது இடத்தில் நடமாடக் கூடாது என்றது. 3 அங்குலத்துக்கு மேற்படாத கூருள்ள மடக்குப் பைக்கத்திக்கு மட்டும் விலக்கு. பூட்டும் கத்தி மடக்குக்கத்தியில் சேருமா என்ற வழக்கு 1990களின் தொடக்கத்தில் வந்தது. எந்த நேரத்திலும் அப்படியே மடக்க முடிந்தால்தான் மடக்குக்கத்தி, பொத்தானை அமுக்கித்தான் மடக்கமுடியும் என்றால் விலக்கு இல்லை என்று நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். ஆகவே காரணம் ஏதும் சொல்லாமல் ஓர் ஆங்கிலேயர் பையில் போட்டுக்கொண்டு நடக்கக்கூடியது இன்று அந்தப் பழைய முதுகு ஸ்பிரிங் கத்தியையே. ஷெஃபீல்டில் எஞ்சியுள்ள சில பட்டறைகளுக்கு இதனால் வேலை மிச்சமிருக்கிறது.

அடுத்த இதழில் கடலைக் கடந்து பிரான்சின் தியேர் ஊருக்குப் போவோம். துரோல் ஆற்றின் சாணைக்கல்லுக்கு மேல் பலகையில் குப்புறப் படுத்து, குளிருக்குக் கால்மேல் நாயைப் படுக்கவைத்துக்கொண்டு அலகு தீட்டியவர்களின் ஊர் அது.

(தொடரும்)